எல்லாம் சாப்பிடலாம்

விரலை வைத்தால், உடம்புக்கு ஆகாததை நீக்கிவிட்டு மீதி உணவை மட்டும் காட்டும் மேசை அது; எல்லா ஓட்டலிலும் உண்டு. சர்க்கரை நோயாளியான திருமாறனுக்கு எட்டு வருடமாக எந்த ஓட்டலிலும் அவித்த காய்கறிதான் வாய்த்தது.

கல்யாண நாளன்று மதியம், கடற்கரைச் சாலை ஓட்டலில் அவர் விரல் வைத்ததும் மட்டன் பிரியாணி, நெய் அல்வா என்று எல்லாமே வந்து நின்றன.

“எழில், எனக்குச் சரியாயிடுச்சு பாரேன்!” என்று அவர் சிறுபிள்ளை போலக் கூவினார்.

அவர் மனைவி எழிலரசி அந்தப் பட்டியலை இன்னொரு முறை கடைசிவரை படித்தாள். இனித் தடுத்துப் பயனில்லை என்ற நிலை வந்துவிட்டாலும் மேசை இப்படித்தான் எல்லாவற்றையும் காட்டும். போன வருடம் அவளுடைய அப்பாவுக்குக் காட்டியது. அதன்பின் பதினெட்டு நாள்தான் இருந்தார்.

“அல்வா சொல்லட்டுமா?”

“ரெண்டா சொல்லுங்க,” என்றாள், குரல் உடையாமல்.