அட்டையில் ஒரு வரி

நான்கு மணி நேரமாக வரிசையில் நின்ற செண்பகவல்லி, பக்கத்தில் நின்ற நாகரத்தினம் அக்காவின் கழுத்தில் தொங்கிய காப்பீட்டு அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை. அது இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியிலும் காசில்லாமல் ஆபரேஷன் செய்வார்கள். அதில் அக்காவின் பெயருக்குக் கீழே கணவர் என்று அவருடைய பெயர் இருந்தது. அந்த ஒரு வரியைப் பார்க்கும்போதெல்லாம் செண்பகத்துக்கு வயிறு எரிந்தது. அதே வீட்டில் அவரோடு முப்பது வருஷம் வாழ்ந்தவள் அவள். தாலி மட்டும் இல்லை. கடைசி நாட்களில் அவருக்கு மூத்திரச் சட்டி ஏந்தியதும் அவள்தான். யார் கேட்டாலும் அக்கா, “வீட்டு வேலைக்கு இருக்கா” என்பாள். அவர் செத்த அன்று துக்கத்துக்கு வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னாள்.

இப்போது செண்பகத்துக்கு இதய வால்வு மாற்ற வேண்டும். அட்டையில் சேர்க்கக் கேட்டுப் பார்ப்போம் என்று கூட்டி வந்தது அக்காதான். செண்பகத்துக்கு நம்பிக்கை இல்லை.

“குடும்பத்து ஆளுங்களத்தாம்மா சேர்க்க முடியும்,” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண். “இவங்க உங்களுக்கு என்ன வேணும்? கூடப் பொறந்தவங்களா?”

“இவ மூஞ்சியப் பார்த்தா எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரியா இருக்கு?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். செண்பகம் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்கு நான் மூத்தவ,” என்றாள். “இவ இளையவ.”