விரல் சோதனை

மைதிலி மேடம் என் வலது கை நகத்தை அழுத்திவிட்டு எடுத்தாள். நகத்தில் ரத்தச் சிவப்பு உடனே திரும்பி வந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெளுத்திருக்கும் என்று காத்திருந்தாள் பாவம்.

ஜனவரி மாதக் காலைக் குளிரில், குஷாய்குடா ஃபவுண்டரியின் ஷெட் வாசலில், வார்ப்பு இரும்பைத் தேய்க்கும் கிரைண்டர் மெஷின் பிடிக்கும் எங்களை மட்டும் கையுறை இல்லாமல் வரிசையில் நிறுத்தியிருந்தாள். சேஃப்டி ஆபீசராம். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து நரம்பு கெட்டுவிடுமாம். குளிர் பட்டால் விரல் சுண்ணாம்பாய் வெளுக்குமாம். வெளுத்தவனுக்கு அன்றோடு மெஷின் கிடையாது.

வேறு வேலை தருவார்கள் என்பாள். எங்களில் முதலில் விரல் வெளுத்த பத்ரியிடமும் அதைத்தான் சொன்னாள். கான்ட்ராக்டர் கையை விரித்துவிட்டார். பத்ரி இப்போது ஹப்சிகுடாவில் ஒரு துணிக்கடை வாசலில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதவு திறந்துவிடுகிறான்.

இவளுக்கென்ன. ஏ.எஸ்.ராவ் நகரில் அப்பா கட்டின வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறாள்.

எனக்கும் வெளுக்கும். அது என் கை, என் பாடு. கதவு திறக்க நான் பிறக்கவில்லை.

மற்றவர்கள் முதலில் பைக் எஞ்சின் மேல் கை வைத்துச் சூடேற்றிக்கொண்டு வருவார்கள். மோப்பம் பிடித்துவிட்டாள். பைக் ஸ்டாண்டிலேயே செக்யூரிட்டியை நிறுத்திவிட்டாள். நான் அவளைவிட எமகாதகன். கேன்டீனில் சீனுவிடம் ஒரு ஸ்டீல் டம்ளர் வெந்நீர் வாங்கி, ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு வரிசைக்கு வந்தேன்.

அந்தச் சோம்பேறி சீனு, வெந்நீர் கேட்டால் வெதுவெதுவென்று ஏதோ ஊற்றியிருந்தான். பிடித்தபோதே தெரிந்தது. திட்டவும் நேரமில்லை. இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இருக்கிற சூடு போதும் என்று நின்றேன்.

போதுமாகத்தான் இருந்தது. வலது கை தேறிவிட்டது.

"அந்தக் கையையும் காட்டுங்க, சக்ரபாணி."

இடது கை ஸ்வெட்டருக்குள் டம்ளரோடு இருந்தது. நான் தயங்கியதைக் கவனித்துவிட்டாள். ஆம்பிளை என்றுகூடப் பார்க்காமல் ஸ்வெட்டரை விலக்கி டம்ளரைப் பிடுங்கினாள்.

அடுத்த நொடி அலறிக்கொண்டு கீழே போட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை மாட்டிவிட இப்படி ஒரு நாடகமா? எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கத்தியே சொன்னேன்.

"நடிப்பெல்லாம் நக்கோ மேடம், வேணாம்! ஆறிப்போன தண்ணிக்கா இவ்ளோ கூச்சல்?"

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற நாராயணஸ்வாமி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிமெண்ட் தரையில் கொட்டின தண்ணீரிலிருந்து ஆவி குபுகுபுவென்று எழுந்துகொண்டிருந்தது.

அவள் சிவந்துபோன விரல்களை ஊதிக்கொண்டே என் இடது கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். நான்கு விரல்களின் நுனியிலும் தோல் உப்பிக் கொப்புளம் கட்டியிருந்தது. யாருடைய கையையோ பார்ப்பது மாதிரி இருந்தது எனக்கு.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் கேட்பது எதற்கென்று எனக்கு நன்றாகத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தை முடிந்த மட்டும் கோணலாக்கினேன்.

"உயிர் போகுது மேடம்" என்றேன்.