குழலில் வைத்த காது

விடுதி அறையின் ஒற்றைக் கட்டிலில் சமையல்கார அக்கா மல்லாந்து படுத்திருக்கிறாள். ஏழு மாத வயிற்றின் மேல் சாயங்கால வெயில் ஒரு பட்டையாக விழுகிறது. வெங்காயம் நறுக்கிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். மருத்துவச்சிப் படிப்புக்காக ஊரைவிட்டு வந்திருக்கும் மாணவி, வகுப்பில் கொடுத்த மரக்குழலின் ஒரு முனையை அந்த வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை அழுத்துகிறாள். ஜன்னல் விளிம்பில் அவளுடைய கைபேசி அம்மாவின் அழைப்பில் அதிர்ந்து அதிர்ந்து நகர்கிறது, எடுக்க ஆளில்லை. காதுக்குள் ஒரு துடிப்பு கேட்கிறது. ஆனால் மெதுவாக, ஒரு குழந்தைக்கு ரொம்பவே மெதுவாக. அவள் முகம் வெளுக்கிறது. “என்னடி, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?” என்று அக்கா தலையைத் தூக்குகிறாள். அப்போதுதான் குழலை இறுக்கிப் பிடித்திருக்கும் தன் விரல்களைப் பார்க்கிறாள் மாணவி. இவ்வளவு நேரம் கேட்டது அந்த விரல்கள் வழியே குழலில் ஏறிய தன் நாடியைத்தான். “அசையாதீங்கக்கா” என்று கையை எடுத்துவிடுகிறாள். குழல் காதுக்கும் வயிற்றுக்கும் நடுவே தானாக நிற்கிறது. அடியாழத்தில் எதுவோ குடுகுடுவென்று ஓடுகிறது. அவள் முகம் மலர்வதைப் பார்த்து அக்கா கேட்கிறாள்: “எனக்குக் கேக்காதா?” “உங்க வயித்துல நீங்களே எப்படிக்கா காது வைப்பீங்க?” குழலிலிருந்து காதை எடுக்காமலே அக்காவின் உள்ளங்கையைத் துழாவிப் பிடித்து, கேட்கிறதை அப்படியே ஒரு விரலால் தட்டிக் காட்டுகிறாள். அக்கா கண்ணை மூடிக்கொள்கிறாள். “அடேயப்பா, உள்ளேயே இருந்துகிட்டு எங்க ஓடுது இது, இவ்ளோ அவசரமா?”