முன்பற்கள் நான்கு

பல் மருத்துவர் தொட்டதுமே முன்பல் ஆடுகிறது. விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் ஈறு கன்றிச் சிவந்து, பல்லை விட்டு விலகித் தொங்குகிறது. நாற்காலியில் சாய்ந்திருப்பவர் பேண்டு குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவர். காலையிலேயே குடித்துவிட்டு வந்த வாடை அறையெங்கும் நிற்கிறது. "குடிச்சுக் குடிச்சு வாய் வறண்டு ஈறெல்லாம் கெட்டுப்போச்சு. முன்னாடி நாலையும் எடுத்தாகணும்" என்கிறார் மருத்துவர். "பல்லு கட்டிட்டு ஊதலாங்களா டாக்டர்?" என்று மனைவி முந்திக்கொண்டு கேட்கிறாள். "எலும்பே கரைஞ்சு போயிருக்கும்மா. பழைய மாதிரி அழுத்தி ஊத முடியாது. இப்ப குடிய நிறுத்தினா மத்த பல்லாவது தங்கும்." ட்ரம்பெட்காரர் எழுந்து துப்புகிறார். தொட்டியில் ரத்தம் தண்ணீரோடு சுழன்று இறங்குகிறது. மனைவி கைக்குட்டையை நீட்டுகிறாள். அவர் வாங்கவில்லை. "ஊதவே முடியாதுன்னா, அப்புறம் எதுக்குடி நிறுத்தணும்?" என்கிறார். நீட்டிய கையை மடக்கவும் தோன்றாமல் நிற்கிறாள்.