நேற்று ராத்திரிகூட

டாக்டர் தன் முஷ்டியை அவனுடைய இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்து, "நசுக்குங்க தம்பி" என்றார்.

நசுக்கினான். உயிரைக் கொடுத்து நசுக்கினான். டாக்டரின் விரல்கள் சொடக்குப் போட்டன.

"துளிகூட வலிக்கல டாக்டர். சுத்தமாப் போயிடுச்சு."

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆபரேஷன். முதுகில் முடிச்சுப் போட்ட பச்சை அங்கியோடு படுத்திருந்தான். தொடையிடுக்கில் முடியை மழித்தாகிவிட்டது. அவனுடைய கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, கட்டிலோரம் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவனை எல்லோரும் பீரங்கி என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் உதைத்தால் வலை கிழியும் என்று பேர். அந்தப் பீரங்கிதான் போன சீசன் இறுதிப் போட்டியில், கடைசி பெனால்டியைக் கோல் கம்பத்துக்கு மேலே ஏற்றிக் கூட்டத்துக்குள் அனுப்பியது. அன்றிலிருந்து நமத்த பட்டாசு. மைதானத்துக்குள் காலை வைத்தாலே ஊளையிட்டார்கள்.

பயந்துவிட்டான். அதை வெளியில் சொல்ல முடியுமா? வலி என்றான்.

அதிலும் சாமர்த்தியக்காரன், தொடையிடுக்கு வலி என்றான். முட்டி வீங்கினால் கண்ணுக்குத் தெரியும், எலும்பு முறிந்தால் படத்தில் தெரியும். இதை யார் எட்டிப் பார்ப்பது?

நடிப்பென்றால் அப்படியொரு நடிப்பு. இருமும்போது முகத்தைச் சுளித்தான். காரிலிருந்து இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினான். படுத்தால் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கிளப்பே உச்சுக்கொட்டியது.

ஓய்வு கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். இல்லாத வலி எதற்குக் கேட்கும்? கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். இத்தனை வருஷம் பந்தை உதைத்தவனின் இடுப்பைப் படம் பிடித்தால் ஏதாவது கிழிசல் தெரியத்தானே செய்யும்? தெரிந்தது.

வலது பக்கம் தசைநாணை வெட்டித் தளர்த்தி, அடிவயிற்றோரம் வலை வைத்துத் தைக்க வேண்டுமாம். தேவைப்பட்டால் இடது பக்கமும். கையெழுத்துப் போட்டான். சொந்தச் செலவில் சூனியம்.

பயமெல்லாம் எப்போதோ தெளிந்துவிட்டது. யாருமில்லாத மைதானத்தில் திருட்டுத்தனமாக உதைத்தும் பார்த்துவிட்டான். பழைய பீரங்கிதான். புது சீசன் வரப்போகிறது, அவன் வயதுக்கு அதை விட்டால் வேறு கிடையாது. நல்ல காலில் கத்தி பட்டால் கதை முடிந்தது. நடித்தேன் என்று ஒப்புக்கொண்டாலும் முடிந்தது. மிச்சமிருந்தது இந்த ஒரு வழிதான்.

டாக்டர் சிரித்தார். "இந்தக் கட்டிலுக்கு வந்தா எல்லாருக்கும் வலி போயிடும் தம்பி."

குறி போடும் பேனாவைத் திறந்தவர், என்ன நினைத்தாரோ, மனைவியின் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? கூடவே இருக்கறவங்க. நெஜமாவே கொறைஞ்சிருந்தா தள்ளிப் போட்டுடலாம்."

அப்பாடா! அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை மாதமும் முகம் கோணாமல் ஒத்தடம் கொடுத்தவள். டாக்டருக்குத் தெரியாமல் கண்ஜாடை காட்டினான்.

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பயத்துல பொய் சொல்றார் டாக்டர். நேத்து ராத்திரிகூட புரண்டு படுக்க முடியாமத் துடிச்சார். தும்மல் வந்தா மூக்கைப் பொத்திக்கறார். செருப்பு மாட்டக் காலைத் தூக்கினா, உள்ள யாரோ துணியைக் கிழிக்கற மாதிரி இருக்குமாம். இப்பல்லாம் இடது பக்கமும் டாக்டர்."

நேற்று ராத்திரி அவன் அடித்துப் போட்டாற்போல் தூங்கினான். துணி கிழிவதைப் பற்றி அவன் யாரிடமும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

"இவ்வளவு தெளிவா எந்த பேஷண்டும் சொன்னதில்லம்மா" என்று அசந்துபோனார் டாக்டர். வலது தொடையில் ஓர் அம்புக்குறி போட்டார். இடது தொடையில் இன்னொன்று. திரையை விலக்கிக்கொண்டு கை கழுவப் போனார்.

"என்னடி இது?" என்றான்.

அவள் எழுந்தாள். அவன் தலைக்கடியிலிருந்த தலையணையை உருவி, முழங்கால்களுக்கு நடுவே பதமாகச் செருகினாள்.

"வலின்னு சொன்ன அன்னிக்கே இதை இப்படி வெச்சுப் படுத்தீங்க பாருங்க. அப்பவே தெரியும்."

இப்படி வைக்க வேண்டுமென்று எந்த டாக்டரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. கல்யாணமான புதிதில் அவள் தடை தாண்டும் ஓட்டக்காரி. இரண்டு வருஷம் இப்படித்தான் படுத்தாள், இப்படித்தான் காரிலிருந்து இறங்கினாள். ராத்திரியில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். பீரங்கி பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

அவளையும் ஒரு டாக்டர் கட்டிலில் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே முஷ்டியை வைத்துப் பார்த்தார். ஆபரேஷன் செய்தால் மறுபடி ஓடலாம் என்றார். ஆனாலும் ஸ்கேனில் ஒன்றும் பிடிபடவில்லையே என்று தயங்கி, பக்கத்தில் நின்ற புருஷனைக் கேட்டார். அன்றோடு அவள் ஓட்டம் நின்றது.

அவன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வலியெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். போட்டின்னா அவளுக்குப் பயம்."