பேனாவைக் குடுங்க சார்!

"ஏம்மா, அந்தப் பேனாவைக் கொண்டா இப்படி."

கருப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பரீட்சை ஹாலில் கண்காணிப்புக்கு நின்ற வாத்தியார் கையை நீட்டிக்கொண்டிருந்தார். பார்த்தால் இவளுடைய கடைசித் தம்பி வயசுகூட இருக்காது.

கேள்வித்தாள் கைக்கு வந்ததுதான் தாமதம், பாய்ந்து எழுத ஆரம்பித்திருந்தாள் அவள். முதல் வரிகூட முடியவில்லை.

"எதுக்கு சார்?"

"மை கறுப்பா இருக்கிற மாதிரி தெரியுது. பாக்கணும்."

"நீலம்தான் சார்!"

"அதை நான் சொல்றேன்."

பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அவர்பாட்டுக்கு நடையைக் கட்டினார்.

சுற்றிலும் எல்லாரும் சரசரவென்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

போடியில் ஏலக்காய் மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பிரிக்கிறவள் அவள். எட்டாம் வகுப்புத் தனித்தேர்வில் போன வருசம் இதே வரலாறு, பூகோளத்திலும் மறுநாள் விஞ்ஞானத்திலும்தான் கோட்டை விட்டாள். பாடம் தெரியாமல் இல்லை. மணி அடித்தபோது பாதிக் கேள்வி பாக்கி கிடந்தது. கை வேகம் பத்தவில்லை என்று முடிவு கட்டி, இந்த வருசம் அடுப்படியிலும் கிட்டங்கியிலும் உட்கார்ந்து எழுதி எழுதியே வேகம் பழகியிருந்தாள்.

பாசானால் சிலமலையில், அவள் ஊரிலேயே, பால்வாடி வேலை. பெயிலானால் புருசனோடு மலைக்கு ஏறி எஸ்டேட் லைன் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். மகள் குருவம்மாளின் படிப்பும் அதோடு சரி. "விடமாட்டேன்டி, பாரு" என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் காலையில் பஸ் ஏறினாள்.

இந்த லட்சணத்தில் பேனா அந்த ஆள் பையில்!

"சார், நேரம் போகுது. பேனாவைக் குடுங்க சார்!"

"சத்தம் போடாதம்மா. உக்காந்து கேள்வித்தாளைப் பாரு."

'கட்டையில போறவன்' என்று பல்லைக் கடித்தாள். எழுத வழியில்லை. வேறு என்ன செய்ய? கேள்வித்தாளைப் பார்த்தாள்.

கேள்விகளுக்கு மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. போன வருசம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு மட்டும் ஓரிரு வாக்கியங்களில் விடையளி.'

ஐந்துக்கு மட்டுமா? கீழே பத்து இருந்ததே!

பத்தும் அவளுக்குத் தெரியும். கிட்டங்கியில் முறத்தில் ஒரு காய் பிரிக்காமல் கிடந்தாலும் கணக்குப்பிள்ளை ஊரைக் கூட்டுவார். வருசக்கணக்காக எதையும் மிச்சம் வைத்துப் பழகாதவள், போன தடவையும் பத்தையும் விடாமல், ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தாள்.

'அடி கூறுகெட்டவளே!' தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த கேள்வி. 'மலையின் ஒருபுறம் மழை மிகுதி, மறுபுறம் குறைவு. காரணம் கூறு.' பருவக்காற்றில் ஆரம்பித்து ஏலத்தோட்டம் வரைக்கும் அளந்துவிடத் தோன்றியது. காரணத்தைத்தானே கேட்கிறான்? நாலு வரி போதும். 'வேறுபடுத்துக' என்றால் ரெண்டையும் எதிரும் புதிருமாக வைக்க வேண்டும், தனித்தனிக் கதை வேண்டாம். 'விவரி' என்கிறானே, அங்கேதான் விரிவாக எழுத வேண்டும். அதற்குத்தான் மார்க்கும் அதிகம்.

எதை எழுதுவது, எதை விடுவது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பிரித்து முடித்தாள். அதற்குள் பேனா திரும்பி வந்தது.

"நீலம்தான்" என்றார் வாத்தியார். ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு குனிந்தவள்தான். எல்லாம் எழுதி, ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டாள். அப்புறம்தான் மணி அடித்தது.

ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. வராந்தாவில் விடைத்தாள் கட்டோடு போனவரை மறித்துக்கொண்டாள்.

"ஏன் சார், கூலிக்காரிக்கு என்ன படிப்பு வேண்டிக்கெடக்குன்னுதான பேனாவைப் புடுங்குனீங்க? உங்க அக்கா தங்கச்சின்னா இப்படிச் செய்வீங்களா?"

கூட்டம் கூடிவிட்டது. வாத்தியார் கோபப்படவில்லை.

"எழுதி முடிச்சிட்டயாம்மா?"

"அதெல்லாம் முடிச்சாச்சு! அதுக்காக நீங்க செஞ்சது நியாயமாயிருமா?"

"ஆகாதும்மா" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தண்ணீர்க் குடத்தோடு நின்ற பள்ளிக்கூடத்துப் பியூன் பிச்சைமணி கிட்டே வந்தார்.

"ஏத்தா, கமருதீன் சாரையா இந்தக் கிழி கிழிச்ச? போன வருசமும் உன் ரூம்ல அவருதான். நீதான் குனிஞ்ச தலை நிமிரலையே, எப்படித் தெரியும்?"

"அதுக்கென்ன இப்ப?"

"பத்துக் கேள்விக்கும் நீ மாங்கு மாங்குன்னு எழுதுறதப் பாத்துட்டு, 'எல்லாம் தெரிஞ்ச அக்கா, வீணா பெயிலாகப் போகுதே! வாயத் தொறந்து சொன்னா என் வேலை போயிருமேண்ணே'ன்னு அன்னைக்கு முழுக்கப் புலம்புனாரு மனுசன்."

கருப்பம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். வாத்தியார் போன திசையில் வராந்தா காலியாகக் கிடந்தது.

மறுநாள் விஞ்ஞானப் பரீட்சை. அதே ரூம், அதே கமருதீன் சார். கேள்வித்தாள் கைக்கு வந்ததும் கருப்பம்மாள் எழுந்து நின்று, தானாகவே பேனாவை நீட்டினாள்.

"நீலமா கறுப்பான்னு நல்லாப் பாத்துட்டு, மெதுவாவே குடுங்க தம்பி."