பிள்ளைக் காசுக்கு ஒரு பெயர்

“இல்லை அக்கா, ரெண்டு பேரையும் போடேலாது. ஒரு ஆள்தான்.”

அவள் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினாள். திருப்பியும் விளங்கவில்லை.

கனடாவில், ஸ்கார்பரோவில் ஒரு நூலகத்தின் பின்னறை. மார்ச் மாதச் சனிக்கிழமை. வரிக்கணக்கை இலவசமாகப் பதிந்து கொடுக்க நான்கு மேசைகள் போட்டிருந்தார்கள்.

மூன்றாவது மேசையில் மிதுஷா. பல்கலைக்கழக மாணவி. கழுத்தில் தன்னார்வலர் அட்டை.

புருசன் பெண்சாதி இருவரின் வரியும் முடிந்துவிட்டது. மிச்சம், பிள்ளைக் காசு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு அரசாங்கம் மாதாமாதம் அனுப்புவது. ஆரணி பிறந்து ஐந்து மாதம். இன்னும் கேட்டு எழுதவில்லை.

“பிள்ளையை முக்கியமாப் பாக்கிறது ஆரெண்டு கேக்கிறாங்கள். வழமையா அம்மாவின்ர பேர்தான். அப்பா எண்டால், அம்மா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வைக்கோணும்.”

“என்னெண்டு?”

“பிள்ளையைப் பாக்கிறது நானில்லை, அவர்தான் எண்டு.”

அவள் பேனாவை மூடினாள். திறந்தாள்.

“அவதான்,” என்றான் கணவன். “அவவையே போடுங்கோ, தங்கச்சி.”

அவன் நெஞ்சோடு கட்டிய துணிக்குள் ஆரணி நித்திரை. அவன் தோளில் பால் துடைக்கிற துவாய்.

மிதுஷா துவாயைப் பார்த்தாள்.

“குளிப்பாட்டுறது?”

“அவ.”

“டொக்டரிட்டக் கொண்டு போறது?”

“அவதான்.”

“அழுதா எழும்புறது?”

“அவ.”

“அண்ணா, அப்ப நீங்கள் என்னதான் செய்யிறனீங்கள்?”

“நான் சும்மா. கார் ஓடுவன்.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். மனைவியும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

அவன் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது ஆரணிக்கு ஏழு கிழமை, இரண்டு மாதம்கூட இல்லை. அவள் முதியோர் இல்லத்து வேலைக்குத் திரும்பினாள். காலையில் ஒரு இல்லம். பின்னேரம் இன்னொன்று. அவள் போகும்போது பிள்ளை நித்திரை. வரும்போதும் நித்திரை.

கண் திறந்திருக்கும் ஆரணியை இந்தக் கிழமை இரண்டு தரம் கண்டிருக்கிறாள். ஒரு தரம் தொலைபேசியில்.

பொய் எழுதினால் பிடிப்பார்களா?

உண்மையை எழுதினால், அவள் யார்?

“பிறப்புச் சான்றிதழ் கொண்டு வந்தனீங்களோ?”

பிள்ளையின் பை அவள் காலடியில் இருந்தது. சிப்பை இழுத்துத் திறந்தாள். பம்பேர்ஸ். இன்னொரு சிப். பால்மா. பக்கத்து உறைக்குள் ஏதோ பூசுமருந்து. எதற்கு என்று தெரியவில்லை. பை அவள் வாங்கியதுதான். ஒன்றும் அவள் வைத்த இடத்தில் இல்லை.

“பின்னால, சின்னச் சிப்புக்குள்ள.”

அவன் குனிந்துகூடப் பார்க்காமல் சொன்னான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

சான்றிதழோடு ஒரு நீல வளையமும் கையில் வந்தது. இறப்பர். எச்சில் காய்ந்திருந்தது.

“இது என்ன?”

“சும்மா. விளையாட.”

“என்ன எண்டு கேட்டனான்.”

அவன் மிதுஷாவைப் பார்த்தான். அவள் கணினியைப் பார்த்தாள்.

“பல்லு முளைக்குது அவளுக்கு.”

“எப்ப இருந்து?”

“செவ்வாய்.”

இன்று சனி.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“நீர்தான் முதல் காணோணும் எண்டு விட்டனான்.” அவன் குரல் இறங்கியது. “ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டு இருந்தனான். நீர் வரேக்க அவள் வாயை மூடிக்கொண்டு படுத்திடுறாள். உம்மட விரலைப் பிடிச்சு உள்ளுக்கு விடுவமோ எண்டும் யோசிச்சனான். பாத்தா நீரும் நித்திரை.”

மிதுஷா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

தாய் எழுந்தாள்.

“இஞ்ச கை கழுவுற இடம் எங்க?”

முதியோர் இல்லத்தில் பழக்கியபடி கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. திரும்பி வரும்போது கை ஈரமாக, மார்புக்கு முன்னால், எதிலும் படாமல் இருந்தது.

துணியை விலக்கினாள்.

சுண்டுவிரல். கீழ் ஈறு. வழவழப்பு, வழவழப்பு.

பிறகு ஒரு அரிசி முனை.

ஆரணி கண் திறந்தாள். யாரென்று பார்த்தாள். அழவில்லை.

கடித்தாள்.

“ஆ,” என்றாள் அவள். விரலை எடுக்கவில்லை.

மற்றக் கையால் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். நின்றபடியே எழுதத் தொடங்கினாள்.

“எழுதாதையும். அரசாங்கத்தின்ர கடிதம் வரேக்க அதில உம்மட பேர் கிடக்கட்டும்.”

“சும்மா இருங்கோ.”

‘என் மகளைப் பார்த்துக்கொள்பவர் என் கணவர்.’

அந்த வரி தடங்கலில்லாமல் வந்துவிட்டது. அவன் பெயர், தேதி, கையெழுத்து. எல்லாம் வந்தன. கையெழுத்துக்கும் அந்த வரிக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடந்தது.

பேனா அங்கே போய் நின்றது.

அவள் நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிவந்திருந்தது. விரல் இன்னும் பிள்ளையின் வாய்க்குள்.

“தங்கச்சி, பல்லை முதல் கண்டது நான்தான் எண்டும் இதில ஒரு வரி போடலாமோ? நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?”